வண்டிலுக்குப் பக்கத்து ஆணி

பூவரசங்குளத்தில் நான் பாலர் பள்ளி நடத்திய கொட்டிலுக்கு மின்சாரம் இல்லை. நான் செய்த பலகைக்கு அது தேவைப்படவும் இல்லை. மலைநாட்டிலிருந்து நாங்கள் சாமான் கட்டிவந்த தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கம்தான் அந்தப் பலகை. இடப்புறம் எழுத்துகள், வலப்புறம் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. பின்னால் வயர்களும் பற்றரியும், உச்சியில் ஒரு டோர்ச் பல்ப். பிள்ளை ஒரு வயர் நுனியை 'வ'வின் ஆணியிலும் மற்றதை வண்டில் படத்தின் ஆணியிலும் வைத்தால் பல்ப் எரியும். பிழையென்றால் எரியாது.

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவன் நான். குட்டு வாங்கித்தான் கற்றேன். குட்டாமல் பிழை சொல்லும் ஒன்றைச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

முதல் நாள் பல்ப் எரிந்ததும் பிள்ளைகள் கைகூப்பினார்கள். அந்தியில் விளக்கு வைத்தால் கும்பிட்டுப் பழகியவர்கள். நானும் தடுக்கவில்லை.

அவர்களில் ஒரு சிறுமி பிழையே விடமாட்டாள். களை பிடுங்கும் காலம் வந்தபோது அவளுடைய தாய் கைக்குழந்தையோடு வாசலில் நின்றார்.

"தம்பி, இனி இவளை அனுப்பேலாது. நான் வயலுக்குப் போனா சின்னவனை ஆர் பாக்கிறது?"

"அக்கா, இவள் எழுத்தெல்லாம் சொல்லுறாள். நிப்பாட்டாதேங்கோ."

"அப்பிடியே? பாப்பம்."

தெருவில் வவுனியா பஸ் நின்றது. தாய்க்கு வாசிக்கத் தெரியாது. பெயர்ப்பலகையின் முதல் எழுத்தை அடையாளம் வைத்துத்தான் பஸ் ஏறுவார். "அதென்ன எழுத்தடி?" என்றார். சிறுமி எழுத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் முன் லைற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், எரியுமா என்று.

"தம்பி, உங்கட பல்புக்குத் தெரியுது. இவளுக்குத் தெரியேல்லை." தாய் சிரித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுறன், பாப்பம்."

அன்றைக்கு எழுத்துகளைக் கடதாசியால் மூடிவிட்டு வயரை அவளிடம் கொடுத்தேன். வண்டிலுக்குச் சரியான ஆணியைத் தொட்டாள். பல்ப் எரிந்தது. கும்பிட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் எழுத்துகளை இடம் மாற்றி, வயர்களையும் மாற்றிக் கட்டினேன். கொட்டிலில் ஒரே முறைப்பாடு.

"மாஸ்டர், பலகை பொய் சொல்லுது!"

"பற்றரியை வெயில்ல வையுங்கோ மாஸ்டர், எங்கட அப்பா அப்பிடித்தான் செய்யிறவர்."

வெள்ளிக்கிழமை தாய் வந்தபோது சிறுமி பலகைக்கு முன்னால் இருந்தாள். புது இடத்திலிருந்த 'வ'வில் ஒரு வயரையும் வண்டிலில் மற்றதையும் வைத்தாள். பல்ப் எரியவில்லை. அழுத்தி வைத்தாள். அப்போதும் இல்லை. பற்றரி தீர்ந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. சொல்ல வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன்.

அவள் பல்பை விட்டுவிட்டு எழுத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எரியேல்லை. எண்டாலும் இதுதான் வ."

"பல்ப் இல்லையெண்டெல்லோ சொல்லுது?" என்றார் தாய்.

"அதுக்குத் தெரியாதம்மா."

தாய் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினார். என்னை ஒருதரம் பார்த்தார்.

"அப்ப சின்னவனையும் இங்கயே விடட்டே, தம்பி?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? திங்கட்கிழமை அவர் பழைய சேலையொன்று கொண்டுவந்து கொட்டிலின் கூரை வளையில் குழந்தைக்கு ஏணை கட்டினார். களை முடியும்வரை ஒரு கையால் அதை ஆட்டியபடியேதான் நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன்.