பற்றவைத்துவிட்டு ரிட்டயர் ஆகவும்

போன தீபாவளிக்கு அக்கா மகன் வாங்கிவந்த புஸ்வாணப் பெட்டியைத் திறந்ததும் மருந்து வாசனையோடு புதுக் காகித வாசனையும் சேர்ந்து வந்தது. கை தன்னாலே பெட்டியைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைத் தேடியது. என்ன செய்வது, புரூஃப் பார்த்த கை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எழுத்துப்பிழையைத்தான் பார்ப்பேன். இதனால் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு என்மேல் வருத்தம்.

சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை சேலையை விட்டுப் போகாது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அப்போது புஸ்வாண லேபிள் எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில வாக்கியம்: ‘லைட் தி ஃபியூஸ் அண்ட் ரிட்டயர்’. திரியைப் பற்றவைத்துவிட்டு விலகிப் போ என்று பொருள். எழுத்துப்பிழை கிடையாது, இலக்கணமும் சரி.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு தீபாவளிக்கு மறுநாள் டூட்டி முடிந்து கோபமாக வந்தாள். கை வெந்துபோய் வந்த ஒரு ரிட்டயர்டு கிளார்க்கைப் பற்றிச் சொன்னாள். புஸ்வாணத்தைப் பற்றவைத்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார், அது வெடித்துவிட்டது. பெட்டியில் போட்டிருந்ததைப் படிக்கவில்லையா என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

“படிச்சேம்மா. ரிட்டயர்னு போட்டிருந்துச்சு. நாந்தான் ஏற்கெனவே ஆயிட்டேனே” என்றாராம்.

வலியிலும் வேடிக்கை பேசுகிற மனிதர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் ரிட்டயர் என்றால் பென்ஷனும் சாய்வு நாற்காலியும்தான். அடுத்த சீசன் லோடு ஏறுவதற்குள் அந்த வார்த்தையை எடுத்தே தீருவது என்று முடிவுகட்டினேன்.

எடுத்துவிட்டு எதைப் போடுவது? ‘ரிட்ரீட்’ என்றால் பின்வாங்குவது. ஆனால் எங்கள் சபைக்காரர்களுக்கு ரிட்ரீட் என்பது ஜெபக்கூட்டம். பற்றவைத்த இடத்திலேயே முழங்கால் போட்டாலும் போடுவார்கள் என்றாள் அக்கா. ‘வித்ட்ரா’வும் விலகுவதுதான், அதைப் படித்தால் பாங்க் ஞாபகம் வந்துவிடும். மெஷின்மேன் ஒருவர் ‘ரிசைன்’ போடச் சொன்னார். அது வயதாகும் முன்பே வேலையை விடுவது. இந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான், ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் ‘மூவ் அவே’ போதும் என்று பட்டது. நகர்ந்து போ. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

முதலாளி மசியவில்லை. அவருடைய அப்பா காலத்து வாக்கியமாம், கௌரவமான இங்கிலீஷாம், அச்சு பிளேட்டை எல்லாம் மாற்ற வேண்டுமாம். நான் புரூஃப் வரும்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. அந்த வெந்த கையை நினைத்தால் பயம் பின்னுக்குப் போய்விடும். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

முதலாளியின் அறையில் ஒரு விசேஷம் உண்டு. அவருடைய அப்பா தொழிலை மகனிடம் ஒப்படைத்த பிறகும் தினமும் வந்து அந்தப் பெரிய நாற்காலியில்தான் உட்காருவார். முதலாளி பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருவார். அன்றைக்கும் பெரியவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார்.

“என்னம்மா, புரூஃப் பாக்கச் சொன்னா எனக்கே பாடம் நடத்துற?”

நான் இடத்தை விட்டு அசையவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“பெரியய்யா ரிட்டயர் ஆயிட்டாகளா அண்ணாச்சி?”

“ஆயி எம்புட்டோ நாளாச்சு. அதுக்கென்ன?”

“நகந்துட்டாகளா?”

முதலாளி அப்பாவைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தார். பெரியவர் விழித்துவிடக் கூடாதே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்து, புரூஃபில் அந்த வார்த்தையைத் தன் கையாலேயே அடித்துவிட்டார். அந்த சீசனில் லேபிள் ‘மூவ் அவே’ என்றுதான் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா மகன் வாங்கிவந்த இந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் வாக்கியமே காணோம். ஓடுகிற ஆள் படம் ஒன்று, போனில் காட்டினால் வீடியோ வருகிற கறுப்புக் கட்டம் ஒன்று, அவ்வளவுதான். ரிட்டயரும் போயிற்று, நான் மல்லுக்கட்டி வாங்கிய மூவ் அவேயும் போயிற்று. படம் எல்லோருக்கும் புரியும், நல்லதுதான். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன் அல்லவா.

அக்கா மகன் எனக்கு முன்னால் வைத்த புஸ்வாணத்தின் திரியில் மத்தாப்பை வைத்துவிட்டுத் திரும்பினான்.

“சித்தி, நகருங்க.”

நகர்ந்தேன்.