கண்ணைப் பார்த்துச் சொல்ல ஒருவர்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். எடை பார்த்தேன். வயிற்றின் சுற்றளவை நாடாவால் அளந்தேன். இரண்டும் நேற்றைப் போலவே இருந்தன. உப்பில்லாத கஞ்சி, மாத்திரை. பிறகு கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, மதுரையில், என் ஈரலில் இருந்த கட்டிக்கு இரண்டு சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்தார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தார்கள். மறுநாள் ஊசி நுழைத்துக் கட்டியைச் சுட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை.

"கட்டி கருகிடுச்சு. சுத்தியிருக்கிற நல்ல ஈரலும் கொஞ்சம் அடிபட்டிருக்கும், அது தேறணும். கண்ணு மஞ்சளானா உடனே வாங்க" என்றார் டாக்டர்.

மஞ்சளா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. குளியலறை பல்பில் எல்லாமே மஞ்சள். வெளியே சாரல், தென்காசியில் ஒரு வாரமாக வெயில் இல்லை. கைப்பேசிப் படத்தில் ஒருமுறை வெள்ளையாகவும் ஒருமுறை மஞ்சளாகவும் இருந்தது. மனைவி போய்ச்சேர்ந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான். பக்கத்து வீட்டில் கேட்டால் கட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

என்னைத் தெரியாதவர் யாரிடமாவது கேட்கலாம் என்று பஸ் ஏறி குற்றாலம் ஐந்தருவிக்குப் போனேன். சீசன் கூட்டம் எண்ணெய்த் தலையோடு நடந்துகொண்டிருந்தது. பாதையோரம் ரம்புட்டான் விற்ற பெண்ணிடம் கேட்டேன்.

"எம்மா, என் கண்ணு மஞ்சளா தெரியுதா?"

"நல்லாருக்கே! பொம்பளையாளுட்ட வந்து கண்ணப் பாருங்கியளே அண்ணாச்சி, வீட்டுல மயினி கேட்டா என்னத்துக்கு ஆகும்?"

"வீட்டுல யாரும் இல்லம்மா."

சிரிப்பை நிறுத்தினாள். தலைக்கு மேல் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாளை ஒதுக்கிவிட்டு, "குனியுங்க" என்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"லேசா இருக்கு. ஆனா மஞ்சதான்."

"சாரல் வெளிச்சமா இருக்குமோ?"

"இதே வெளிச்சத்துல எத்தன பேரப் பாக்கேன்? அவுக கண்ணெல்லாம் வெள்ளையால்லா இருக்கு. கீழாநெல்லிய அரைச்சு மோருல குடிங்க, போயிரும்."

"ஈரல்ல கட்டிம்மா. டாக்டரக் கேக்காம எதுவும் குடிக்கக் கூடாது."

அதை முதலில் சொன்னது பெயர் தெரியாத அவளிடம்தான்.

"பொறவு இங்கன என்ன நிக்கிய? போங்க அண்ணாச்சி."

அன்றே மதுரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பையில் துணி எடுத்து வைத்தேன். களைப்பாக இருந்தது, படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போன் செய்தேன். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். நான் மட்டும் என்றேன்.