செங்கல் பார்னில் ஒரு அக்னி மூலை

சனிக்கிழமை காலை எட்டரைக்கு நாங்கள் குடியிருக்கும் எடிசன் நகரிலிருந்து கிளம்பினோம். மேற்கே நாற்பது மைல். மகள் நித்யாவுக்குத் தன் கல்யாணத்தை ஒரு பழைய செங்கல் பார்னில் நடத்த ஆசை. மாடும் வைக்கோலும் இருந்த கட்டடம், இப்போது விசேஷங்களுக்கு விடுகிறார்கள். என் மனைவி மல்லிகாவுக்கு ஒரே நிபந்தனை: ஹோமம் வளர்க்க வேண்டும். முடியாதென்றால் வேறு இடம்.

ஒன்பதரைக்கு மண் பாதையில் திரும்பியதும் பார்ன் தெரிந்தது. நான் கட்டடப் பொறியாளன். முப்பது வருஷமாக கான்கிரீட்டோடு குடித்தனம். இறங்கியவன் காரைப் பூட்டவே மறந்துவிட்டேன். மூன்று மாடி உயரத்துக்கு முழுக்கச் செங்கல். நடுநடுவே கல் வைக்காமல் விட்டு, கோதுமைக் கதிர் வடிவத்தில் துளைகள். உள்ளே போனால் அந்தக் கதிர்கள் வெளிச்சமாகத் தரையில் கிடக்கின்றன. எனக்குப் புல்லரித்தது.

"செங்கல் பத்தலையோ, பாவம்?" என்றாள் மல்லிகா.

பண்ணையைப் பராமரிக்கும் லிண்டா விளக்கினார். ஈர வைக்கோல் காற்றில்லாமல் அடைந்து கிடந்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளுமாம். அந்தப் பயத்தில் வைத்தவைதான் துளைகள். உள்ளே மெழுகுவத்திகூட ஏற்றக் கூடாது.

நித்யாவின் முகம் விழுந்துவிட்டது. "மாம், எல்ஈடி ஃபயர் கிடைக்கும்."

"எல்ஈடியைச் சுத்தியா வலம் வருவே?"

நான் விடவில்லை. தீக்குப் பயந்து இவ்வளவு யோசித்துக் கட்டியவர்கள் வெந்நீரை எங்கே காய்ச்சினார்கள் என்று கேட்டேன். லிண்டா சிரித்தபடி பார்னைத் தாண்டிக் கூட்டிப்போனார். வீடு, பால் அறை எல்லாவற்றுக்கும் அப்பால் செங்கல் பாவிய முற்றம், இடுப்பளவு சுவர். இங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். பொறி கட்டடங்கள் பக்கம் பறக்காதபடி எதிர் மூலையில் நெருப்புக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அனுமதி வாங்கினால் இங்கே தீ மூட்டலாம் என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மல்லிகா போனில் திசைகாட்டியைத் திறந்தாள். "தென்கிழக்கு. அக்னி மூலைங்க," என்றாள்.

பதினொன்றரைக்குத் திரும்பக் கிளம்பினோம். எங்கள் ஊர் ஈரோட்டில் கல்யாண மண்டபம் பார்க்கப் போனால் டைனிங் ஹாலையும் பார்க்கிங்கையும் பார்த்துவிட்டு வருவோம். சுவரைப் பார்த்து மனசு துள்ளியது எனக்கு இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லத்தான் தைரியமில்லை. இடம் பிடித்ததா இல்லையா என்று மல்லிகா இன்னும் சொல்லவில்லை. நித்யா பின் சீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஹைவேயில் ஏறிய பிறகு மல்லிகா கேட்டாள்: "அந்த முற்றத்துல மணவறை போட்டது போக எத்தனை பேர் உக்காரலாம்?"

"எழுபது இருக்கும்," என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"எயிட்டி ஃபைவ், மாம்," என்றது பின் சீட்டு. "ஐ மெஷர்ட்."