ஒழுகாத கூரை

காலையில் அருவியில் நனைந்த துணி உடம்பிலேயே காய்ந்து முடிவதற்குள் மறையூர்ப் பாறைமேட்டில் மழை பிடித்துக்கொள்கிறது. விடிந்ததிலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று என்னையும் மனைவியையும் விரட்டும் ஜீப் வழிகாட்டி முருகேசன், கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒன்றால் மூடிய முனியறைக்குள் நுழையச் சொல்கிறார்.

"ஏனுங்க, இது அந்தக் காலத்துச் சமாதிதானுங்களே?" என்று மனைவி தயங்குகிறாள்.

"ஆமாக்கா. எம்புட்டுக் காலமோ ஆச்சு, ஒழுகலையே. எஸ்டேட்ல கம்பெனி குடுத்த எங்க லயத்து வீடு வருசா வருசம் ஒழுகுது."

அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைகிறாள். மூவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறோம். உள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை.

மழை விடுகிறது. இன்னும் ஓர் அருவி பாக்கி என்று நான் எழுகிறேன். கல்லில் சாய்ந்திருக்கும் முருகேசன் அசையவில்லை.

"இருங்கண்ணே, போகலாம்" என்கிறார்.