குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடாதவர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு அப்பாவின் கைப்பேசி அடித்தது. நெரவியில் எங்கள் வயல் வரப்பில் நின்றிருந்தோம். கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து வைத்து, சேற்றுக்கு மேலே போட்ட நடைப்பலகையையும் கழுவிவிட்டிருந்தோம். ஸ்டெல்லா அத்தை வரவேண்டிய நேரம். பேசியவர் அவருடைய தம்பி. விடியற்காலையில் கோட்டுச்சேரி வீட்டில் அத்தை நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். "சரிங்க தம்பி, சரிங்க" என்று, அந்தப் பக்கம் பேச்சு நின்ற பிறகும் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை எங்களுக்கு இரத்த உறவில்லை. அப்பாவை "அண்ணே" என்று அழைத்ததால் எனக்கு அத்தை ஆனார். உர ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் களப்பணியாளராக இருந்தார். நெல் வயலிலிருந்து எழும் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவது அவர் வேலை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சம்பா நடவுக்காக நிலம் உழுதுகொண்டிருந்தபோது முதல் முறை வந்தார்.

"காத்தைப் புடிச்சு என்னம்மா செய்யப்போறீங்க?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க வீசுற யூரியாவுல பயிரு தின்னது போக மிச்சம் எங்க போவுதுன்னு பாக்கப்போறேண்ணே. கொஞ்சம் தண்ணியோட போவுது. கொஞ்சம் காத்தா மாறி ஊரு உலகத்தையே சூடாக்குது. வாங்குறது நீங்க, திங்கிறது வானம்."

அப்பா சிரித்துவிட்டார். வயலின் ஒரு மூலையை அவருக்குக் கொடுத்தார். அந்த மூலைக்கு மட்டும் வேறு யூரியா. சீரக மிட்டாய்போல ஒவ்வொரு குருணைக்கும் மேலே பூச்சு இருந்தது. நடவுக்கு முன் ஒரே முறை சேற்றில் கலந்தால் போதும். பூச்சின் வழியே உரம் மெல்ல மெல்லக் கசியும் என்றார் அத்தை.

சனிக்கிழமைதோறும் பயிரின்மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்ப்பார். உள்ளே சேரும் காற்றை உடனே ஒரு முறையும், பிறகு பதினைந்து நிமிடத்திலும் முப்பது நிமிடத்திலும் ஊசியால் உறிஞ்சிச் சின்னக் குப்பிகளில் அடைப்பார். நேரம் சொல்வது என் வேலை. பெட்டி, ஊசி, குப்பிகள், நோட்டு எல்லாம் எங்கள் வீட்டிலேயே இருக்கும். அவருடைய நோட்டில் கடைசிக் கட்டம் "குறிப்பு". அதில் ஒரு நாள், "மேகம். பலகையில் ஒரு நண்டு" என்று எழுதினார். நண்டு எதற்கு என்று கேட்டேன்.

"பாத்தத எழுதணும். ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு எழுதணும். காலியா விட்டா நாளைக்கு யாரு வேணாலும் எதை வேணாலும் நெனச்சுக்குவாங்க."

ஒரு மாதத்தில் சுற்றிலும் பயிர் கரும்பச்சையாக நிற்க, அந்த மூலை மட்டும் வெளுத்திருந்தது. பக்கத்து வயல் கலியபெருமாள் மாமா சும்மா இருப்பாரா? "என்ன மச்சான், பயிருக்கு மஞ்சக்காமாலையா? கீழாநெல்லி அரைச்சு ஊத்து!" என்றார். அன்றிலிருந்து அப்பா அந்த மூலைப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார்.

எங்கள் பக்கத்தில் யூரியா வீசுபவர்கள் மிஞ்சும் கடைசிக் கை உரத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மாட்டார்கள். எந்தத் திட்டு வெளுத்திருக்கிறதோ, அங்கே வீசிவிட்டுக் கரையேறுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தை மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், அப்பா மற்ற வயலுக்கு யூரியா வீசி முடித்தார். பேசினில் மிச்சமிருந்ததை அந்த மூலையில் வீசினார். நான் வரப்பில் நின்று பார்த்துவிட்டேன்.

"பசிக்கிற புள்ளைய எத்தனை நாளு பாத்துக்கிட்டு நிக்கிறது? நீ வாயத் தொறக்காத" என்றார்.

நான் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, பச்சை ஏறிய இலையை, பச்சையின் அளவு பார்க்கும் வண்ண அட்டையோடு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தார் அத்தை. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில வாரங்களில் சோதனை முடிவு வந்தது. அத்தை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பூச்சு தாங்கலண்ணே. உரம் மொத்தமும் ஒரே வீச்சுல கரைஞ்சிருக்கு. அந்தச் சூடாக்குற காத்து, நைட்ரஸ் ஆக்சைடு, எகிறிடுச்சு. நம்ம மண்ணுக்கு இது ஆவாதுன்னு எழுதி அனுப்பிடுறேன். இதோட இங்க திட்டத்தை மூடிடுவாங்க."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் கலியபெருமாள் மாமா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வயலைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எழுதாதீங்க தங்கச்சி. உரத்து மேல தப்பில்ல. கடைசிக் கைய நான்தான் வீசுனேன்."

அத்தையின் கண்கள் நிறைந்தன. "ஒரு போகம் போச்சேண்ணே" என்று மட்டும் சொன்னார். நோட்டைத் திறந்து, அந்த வாரத்துக் குறிப்பில், "விவசாயி யூரியா வீசினார். இதற்குப் பிந்தைய அளவுகள் கணக்கில் சேராது" என்று எழுதினார்.

"பேரு போடலியா?" என்றார் அப்பா.

"பயிரு மேல பரிதாபப்பட்டவரு பேரை எதுக்குண்ணே தப்புக் கட்டத்துல எழுதணும்?"

அலுவலகத்தில் மன்றாடி இன்னொரு போகம் வாங்கினார். இந்த முறை அப்பா வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலத்தைக் கொடுத்தார். பயிர் மறுபடி வெளுத்தது. மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பொறு மச்சான், அது மெல்லத் திங்கிற புள்ள" என்றார். பிறகு மெல்லப் பச்சை ஏறி, கதிரில் பால் பிடிக்கும் பருவத்திலும் அது பச்சையாகவே நின்றது. அறுவடையில் விளைச்சல் குறையவில்லை. வானத்துக்குப் போன காற்று குறைந்திருந்தது. நான் குதித்தேன். அத்தை சிரித்தார், ஆனாலும், "ஒரு வருசத்த வச்சு ஊருக்குச் சொல்லக்கூடாது. இன்னொரு போகம் பாப்போம்" என்றார். அந்த இன்னொரு போகம்தான் இது. கலியபெருமாள் மாமா தாமே வந்து தம் வயலிலும் ஒரு மூலை கொடுத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை, கைப்பேசியைப் பையில் போட்ட அப்பா, "மணி என்ன?" என்றார்.

"ஒம்பது அஞ்சு. கோட்டுச்சேரிக்குப் போவணும்லப்பா?"

"போவணும். பெட்டிய எடு. இன்னைக்கு விட்டுப்போனா தங்கச்சி பாத்த வேலை ஓட்டையாயிடும்."

அத்தை செய்ததுபோலவே அப்பா ஊசியைப் பிடித்தார். மாமா ஓடிவந்து விவரம் கேட்டார், உடனே சேற்றில் இறங்கிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் நேரம் சொன்னேன். குப்பிகளை அடுக்கியதும், 'எடுத்தவர்' என்ற கட்டத்தில் என் பேனா நின்றது.

"தங்கச்சி பேரையே எழுது" என்றார் அப்பா.

எழுதவில்லை. அப்பாவின் பெயரையும் மாமாவின் பெயரையும் எழுதினேன்.

கோட்டுச்சேரி வீட்டுக்கு வந்திருந்த திட்ட அதிகாரியிடம் குப்பிகளையும் நோட்டையும் கொடுத்தோம். அவர் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். "அடுத்த சனிக்கிழமையும் நீங்களே எடுக்குறீங்களாண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சரி என்று தலையசைத்தார். மாலையில் அத்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஒரு கை மண் போட்டேன்.

போய் வாருங்கள், அத்தை. அன்றைய குறிப்புக் கட்டத்தை நான் காலியாக விடவில்லை: "வெயில். காற்று இல்லை. ஸ்டெல்லா அத்தை வரவில்லை. பயிர் பச்சையாக இருக்கிறது."