வெயிலில் காயவைத்த கால்

எட்டு வருடங்களுக்கு முன்பு, எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதத்தில் நடந்தது இது. அப்போது மதுரை செல்லூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்கு விசைத்தறியில் வேலை. அலங்காநல்லூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு பைக்கில் போனபோது, என் மனைவி அவசரத்தில் வலப்பக்கமாக இறங்கி, சைலன்சரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான் விடுவேனா? புண்ணைக் காற்றாட விட்டு வெயிலில் காட்டினால் தானாகக் காய்ந்து ஆறிவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தினமும் காலையில் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், முக்காலி போட்டுக் காலை நீட்டி அரை மணி நேரம் உட்கார வைப்பேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக் கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசுவேன். ஈரத்தலையோடு அவள் சிரிப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அப்படி ஒரு காலை நேரம் அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

“மாமா, எரியுது” என்பாள்.

“எரிஞ்சாத்தான் ஆறும்டி” என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்வேன்.

இருபது நாளாகியும் புண் மூடவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புதுத்தோல். நடுவில் கெட்டியான பொருக்கு, அதன் அடியில் நீர் கசிந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பத்து நாளில் மூடாவிட்டால் தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கட்டுப் போட வந்த நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை முறைத்தார்.

“ஏண்ணே, இதென்ன கருவாடா? இம்புட்டு நாளா காயப் போட்டிருக்கீங்க! புதுத்தோலு ஓரத்துலருந்து ஊர்ந்து ஊர்ந்துதான் நடுவுக்கு வரணும். ஈரப்பதம் இருந்தாத்தான் அது நகரும். நீங்க காய வச்சு வழியையே அடைச்சுப்புட்டீங்க. பச்சைத் தோலு வெயிலு தாங்குமா? கருத்துல்ல போகும்!”

பொருக்கை எடுத்து, மருந்து வைத்து மூடிக் கட்டினார். தினமும் போனோம். ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் சாமியை வேண்டிக்கொள்வேன். ஒன்பதாம் நாள் புண் மூடிவிட்டது. ஒட்டுப் போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், வராந்தாவிலேயே நான் அழுதுவிட்டேன்.

தழும்பு இன்னும் இருக்கிறது. கட்டுக்குள் வளர்ந்த நடுத்தோல் அவள் நிறத்திலேயே இருக்கிறது. என் வெயிலில் வளர்ந்த ஓரம் மட்டும் கருவளையமாக நின்றுவிட்டது.

போன மாதம் அதைப் பார்த்து மனசு கேட்காமல், “அம்புட்டு எரிச்சல்ல மாடியிலருந்து எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“போயிருக்கலாம்தான். மத்த நேரமெல்லாம் தறி தறின்னு ஓடிருவீங்க. அந்த அரை மணி நேரந்தான் எங்கூட உக்காந்து பேசுனீங்க” என்றாள், சாதாரணமாக.

அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு வாங்கிய அந்த அரை மணி நேரத்தை நான் சும்மாவே கொடுத்திருக்கலாமே என்று இன்றுவரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது.