நான் விட்டுவிட்டு வராத ஹெல்மெட்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுகிற ஆள் நான். கோயிலில் யாருக்காவது அருள் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அம்மா தொடையில் கிள்ளுவார். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை, என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர். ஓராங் அஸ்லி, அதாவது இந்த மலேசிய மண்ணின் பூர்வகுடிகள், காலத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. சிம்பாங் பூலாய் தாண்டி, பழைய ரப்பர் தோட்டமொன்று செம்பனையாகிக் கிடக்கிறது, அதன் கடைசியில் அவர்களுடைய கம்போங், சின்னக் கிராமம். நான் அங்கே முதல் முறை போனது நல்ல பட்டப்பகலில், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இருட்டில் எதையோ பார்த்து மிரண்டேன் என்பீர்கள்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், காக் அனி, அனி அக்கா என்று பிறகு தெரிந்தது. நான் பெயரைச் சொல்வதற்குள் உள்ளே போய் ஒரு ஹெல்மெட்டை எடுத்து வந்து நீட்டினார்.

“இந்தா, அன்னைக்கு விட்டுட்டுப் போயிட்டியே,” என்றார் மலாயில்.

நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றேன்.

“நீ இன்னும் வரல. எங்களுக்கு நீ வந்துட்டுப் போயாச்சு. தோட்டத்துப் பக்கமா நடந்து வந்த, இங்கதான் உக்காந்து அழுத. கோப்பி குடுத்தேன், குடிக்கல. இத வீட்டுக்குக் கொண்டு போக மனசு வரலன்னு சொன்ன.”

சத்தியமாக எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நடக்காததை நடந்ததாகச் சொல்கிற மக்கள், ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும். பேராசிரியரும் பிரமாதம் என்றார். ஹெல்மெட்டை மறுத்தால் மரியாதையாக இருக்காதென்று வாங்கி வேனில் போட்டுக்கொண்டேன்.

ஈப்போவுக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சரவணன் மோட்டாரில்தான் ஜெலாப்பாங் ஃபேக்டரிக்குப் போய் வருவார். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்த புது ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறது. அதன் பின்னால் நானே கோணலாக ஒட்டிய வேல் ஸ்டிக்கர். கையிலிருந்ததிலும் அதே ஸ்டிக்கர், அதே கோணல், ஆனால் வெளுத்துப்போயிருந்தது. உச்சியில் நீளமாக ஒரு கீறல், அறுந்த வாரைப் பச்சைக் கயிற்றால் கட்டியிருந்தது, இடப்பக்கம் ஓடு பிளந்திருந்தது.

“ஒரே மாதிரி ஆயிரம் பேரு போடுறான் லா. படிச்சிப் படிச்சி ஒனக்கு மூள கொழம்பிப்போச்சி,” என்று சிரித்தார் அவர்.

நானும் அப்படித்தான் இருக்கும் என்று அலமாரிக்குள் போட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து வந்தார், முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அவர் ஹெல்மெட்டைப் பார்த்தேன், உச்சியில் நீளமாகக் கீறல். அலமாரியைத் திறந்து பக்கத்தில் வைத்தேன், நம்பினால் நம்புங்கள், அச்சு அசல் அதே. பல்கலைக்கழக வேலையை விட்டேன், அந்தக் கம்போங் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் போகவில்லை என்றால் எதுவும் நடக்காது இல்லையா, என் கணக்கு அதுதான்.

புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன், தலை வலிக்கிறது என்று பழையதையே மாட்டினார். குப்பையில் போட்டேன், பொறுக்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார். வார் அறுந்தது. வீட்டிலிருந்த பச்சைக் கயிற்றையெல்லாம் நான் முன்பே தூக்கிப் போட்டிருந்தேன், ஃபேக்டரியில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார், பச்சைதான்.

போன மாதம் அவரைச் சிம்பாங் பூலாய் கிளைக்கு, அந்தக் கம்போங் இருக்கும் பக்கமாகவே, மாற்றிவிட்டார்கள். பெட்ரோல் செலவு கூடும் என்பதுதான் அவர் கவலை.

இப்போது வேல் ஸ்டிக்கரும் வெளுத்துவிட்டது. தினமும் அவர் வந்து ஹெல்மெட்டை ஆணியில் மாட்டியதும் அதன் இடப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன், தூசி தட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார். அவர் முகத்தை அப்புறம்தான் பார்க்கிறேன்.